வெறும் தண்ணீர்ப் பூச்சிகள்

அந்துப்பூச்சிக்குப் பல் கிடையாது. இது எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. மக்காச்சோளக் குருத்தைக் குடைந்து நாசமாக்குவது அதன் புழு. புழு தின்னும், தின்றுகொண்டே இருக்கும், பக்கத்தில் இன்னொரு புழு கிடந்தால் அதையும் தின்னும். பிறகு மண்ணுக்குள் போய்க் கூடாகி, பத்து நாள் போலக் கழித்துச் சாம்பல் நிறத்தில் றெக்கையோடு வெளியே வரும். வந்த பிறகு அதனால் எதையும் கடிக்க முடியாது. சுருட்டி வைத்த ஒரு மெல்லிய குழல்தான் வாய். அதை நீட்டிக் குடிக்கலாம், குடிக்க ஏதாவது கிடைத்தால்.

குடிக்கக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது.

விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் ஒரு மாடிக் கட்டடம். கீழே உர மூட்டைகள், மேலே பூச்சி வளர்க்கும் கூடம். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளை அங்கே வைத்து வளர்த்து, எதனால் வாழ்கின்றன, எதனால் சாகின்றன என்று பார்ப்பார்கள். கூட்டித் துடைக்க ஆள் தேடுகிறார்கள் என்று ஆரப்பாளையம் பேருந்து நிலையத்து டீக்கடையில் காதில் விழுந்தது. அந்தக் கடையில் அப்போது நான்தான் டீ மாஸ்டர். அதற்கு முன் போர்வெல் லாரியில் ஆந்திரா வரை போயிருக்கிறேன், திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நின்றிருக்கிறேன், செங்கல் சூளையில் மண் மிதித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இவைதான் கிடைக்கும். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. யாரும் விரட்டியதும் இல்லை. ஒருநாள் காலையில் பையைத் தூக்கத் தோன்றும், தூக்கிவிடுவேன். அப்படித்தான் டீக்கடையை விட்டும் கிளம்பினேன்.

கூடத்தில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். பேரையூர்ப் பக்கம் ஊர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து, பல வருடம் கழித்துச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, மக்காச்சோளம் போட்டவர்கள். சொந்தக் காட்டில் போட்ட முதல் வெள்ளாமையைப் படைப்புழு தின்றுவிட்டது. அவள் அந்தப் புழுவையே படிக்க எடுத்துக்கொண்டாள்.

முதல் நாள் நான் அவளை மேடம் என்றேன்.

"மேடம்னு கூப்பிடாதீங்கண்ணே. எங்கம்மா இன்னும் களையெடுக்கப் போகுது. காதுல விழுந்தா சிரிக்கும்."

"அப்ப எப்படிக் கூப்பிட?"

"பேரு இருக்குல்ல?"

பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தாயி என்றேன்.

"அம்புட்டு வயசா ஆயிருச்சு எனக்கு?" என்று கேட்டாளே தவிர, பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

பதினைந்து நாள் கூட்டித் துடைத்தேன். என் கை வேகமாக ஓடுவதைப் பார்த்து, பூச்சிகளுக்குப் பஞ்சு மாற்றும் வேலையையும் என்னிடம் கொடுத்தாள். என்ன செய்கிறாள் என்பதை எனக்குப் புரியும்படிதான் சொன்னாள்.

"இந்தப் பூச்சி காட்டு வரப்புல இருக்குற பூவுல போயித் தேன் குடிக்குதுண்ணே. அதுக்கு அது கெடைக்கலன்னா என்ன ஆகும்? எத்தன நாளு உசுரோட இருக்கும், எம்புட்டு முட்டை வைக்கும்? அவ்வளவுதான் என் கேள்வி. இதுக்குப் பதில் தெரிஞ்சா வரப்புப் பூவ வெட்டணுமா விடணுமான்னு எங்கப்பாவுக்குச் சொல்லலாம்."

மேசை மேல் வரிசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண், ஒரு பெண். வாய்க்கு வலைத்துணி கட்டி ரப்பர் போட்டிருக்கும். முட்டை வைக்க உள்ளே மடித்த காகிதம் தொங்கும். முதல் வரிசைக்குத் தேன் கலந்த தண்ணீரில் நனைத்த பஞ்சு. இரண்டாவதற்குச் சர்க்கரைத் தண்ணீர். மூன்றாவதற்கு வெறும் தண்ணீர். நான்காவது வரிசைக்கு ஒன்றும் கிடையாது, காய்ந்த பஞ்சு. எறும்பு ஏறாமலிருக்க மேசைக் கால்கள் நான்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். தினமும் காலையில் பஞ்சு மாற்ற வேண்டும், செத்ததைக் குறிக்க வேண்டும், முட்டைக் காகிதத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். முட்டையை அவள் லென்ஸ் வைத்து எண்ணுவாள். தாய்ப்பூச்சி தன் உடம்பு மயிரை உதிர்த்து முட்டைகள் மேல் போர்த்தி வைத்திருக்கும். அதை விலக்கி விலக்கி எண்ண வேண்டும், கண் போய்விடும்.

அவளுக்கு இருந்த கஷ்டம் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். பங்குனி முடிவதற்குள் அவள் தன் ஆய்வை எழுதி ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை நாள் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். இனித் தள்ள மாட்டார்கள். அந்தத் தேதி தாண்டினால் பதிவு போய்விடும், படித்த ஐந்து வருடமும் போய்விடும். தேதியைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். நான் தினமும் அதன் கீழேதான் கூட்டுவேன்.

பஞ்சு வைக்க எனக்கு ஓர் இடுக்கி கொடுத்தாள். அது வழுக்கியது. இரண்டாம் நாளே மேசை டிராயரில் போட்டுவிட்டு விரலால் வைக்க ஆரம்பித்தேன். டீக்கடையில் நூறு கண்ணாடித் தம்ளரை ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பழகிய கை அது. ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். தேன் பஞ்சு வைத்ததும் விரல் பிசுபிசுக்கும், கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொள்வேன். சர்க்கரைப் பஞ்சு, மறுபடி கிண்ணம். தேன் வரிசையும் சர்க்கரை வரிசையும் முடிந்த பின், புதுப் பஞ்சை அந்தக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி மூன்றாவது வரிசைக்கு வைப்பேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவள் வரும்போது கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பேன்.

"இம்புட்டு சீக்கிரமாவாண்ணே?" என்பாள்.

"டீ மாஸ்டர் கை, தாயி" என்பேன். எனக்கு அதில் பெருமைதான்.

நான்காவது வரிசைப் பூச்சிகள் நாலைந்து நாளில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தன. தேன் குடித்தவை இரண்டு வாரம் வரை றெக்கை அடித்தன, காகிதம் காகிதமாக முட்டை வைத்தன. இதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது மூன்றாவது வரிசை. வெறும் தண்ணீர் குடித்த பூச்சிகள் தேன் குடித்தவற்றுக்கு ரொம்பவும் சளைக்காமல் உயிரோடிருந்தன. முட்டையும் வைத்தன.

கூடத்துக்குப் பொறுப்பான பெரிய மேடம் வந்து ஏட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"வெறும் தண்ணியிலயா? புதுசா இருக்கே. இன்னொரு சுற்று போட்டுப் பாரு. அதுலயும் இப்படியே வந்தா எழுதிடலாம்."

இரண்டாவது சுற்றிலும் அப்படியே வந்தது. அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். கைபேசியில் அப்பாவிடம் பேசினாள். "வரப்ப வெட்டி ஒடம்பக் கெடுத்துக்காதீங்கப்பா. அது வெறும் பனித்தண்ணியக் குடிச்சே பொழைச்சுக்குது. பூ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்." ஊரில் விவசாயிகள் கூட்டம் ஒன்றில் இதைச் சொல்லப்போவதாகவும் இருந்தாள்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் எனக்குக் கூடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மதியமே கிளம்பி, ஆரப்பாளையத்தில் நின்ற முதல் பேருந்தில் ஏறி உசிலம்பட்டி வரை போய், ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வந்தேன். எனக்கு அப்படி அவ்வப்போது வரும். அதனால் மேசைக் கால் கிண்ணங்களுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஞாயிறு காலையில் பஞ்சு மாற்றப் போனபோது கிண்ணங்கள் காய்ந்திருந்தன. எறும்பு ஏறியிருந்தது.

தேன் டப்பாக்களின் வலைத்துணி மேல் எறும்பு மொய்த்தது. சர்க்கரை டப்பாக்களிலும் மொய்த்தது. நான்காவது வரிசைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் மூன்றாவது வரிசைக்குப் போயிருந்தன. வெறும் தண்ணீர்ப் பஞ்சின் மேல், ஒவ்வொரு டப்பாவிலும், தலையைக் குனிந்து எறும்புகள் நின்றன.

தண்ணீருக்கு எறும்பு வரும்தான், வெயில் காலம். ஆனாலும் ஒரு பஞ்சை எடுத்து நாக்கில் வைத்தேன். இனித்தது. லேசாகத்தான், ஆனால் இனித்தது. மேசை மேல் இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எறும்பைத் தட்டி, கால் கிண்ணங்களுக்குத் தண்ணீர் ஊற்றி, பஞ்சு மாற்றிவிட்டு நான் தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பையை எடுத்தேன். யோசித்தெல்லாம் எடுக்கவில்லை. நான் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அவளுக்கு இரண்டு சுற்றும் வீண், சிவப்பு வட்டத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. சொல்லாவிட்டால் அவள் பட்டம் வாங்குவாள், பேரையூரில் போய்ப் பொய்யை உண்மை என்று நம்பிச் சொல்வாள். எதுவாக இருந்தாலும் நான் அங்கே இல்லாமலிருப்பது நல்லது என்று பட்டது.

ஆரப்பாளையத்தில் என் பழைய டீக்கடையில் நின்றேன். எனக்குப் பதில் வந்த மாஸ்டர் என் கூட்டாளிதான்.

"வா மாப்ள. பூச்சிக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறியாமே. எனக்கும் ஒண்ணு பாரு."

"ஒனக்கு றெக்கை இல்லையே மாப்ள."

"றெக்கை இருந்தா இந்தக் கடையில ஏன் நிக்கிறேன்?" என்றவன் பையைப் பார்த்தான். "எங்கிட்டுப் பயணம்?"

"திருப்பூரு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தம்ளரை நீட்டினார். "ஏப்பா, சக்கரை வேணாம்னு சொன்னேன்ல? இனிக்குதே."

"போடலண்ணே. கரண்டி இனிப்பா இருக்கும்."

"ஒன் கரண்டி இனிப்புலயே எனக்குச் சுகரு ஏறி நான் போய்ச் சேந்திருவேன் போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அந்தக் கடையில் நின்ற காலத்தில் இதே பதிலைச் சொல்லி இதே சிரிப்பை வாங்கியிருக்கிறேன். எத்தனை பேருக்கு என்று தெரியாது. அன்று சிரிப்பு வரவில்லை.

திருப்பூர்ப் பேருந்து வந்தது. ஏறவில்லை. பெரிய மனது என்றெல்லாம் இல்லை. நாளைக் காலையில் பஞ்சு மாற்ற ஆளில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது. வளர்ப்பு அறையில் முட்டைக்காக வைத்திருந்த பூச்சிகள் வேறு இருந்தன. அந்தப் பஞ்சும் காய்ந்துவிடும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விளாங்குடி பேருந்தில் ஏறினேன்.

திங்கள் காலை அவள் வந்ததும் பழைய பஞ்சு ஒன்றை நீட்டினேன்.

"தாயி, இத நாக்குல வச்சுப் பாரு."

"இங்க எதையும் வாயில வைக்கக் கூடாதுண்ணே."

"வச்சுப் பாரும்மா."

வைத்தாள். "தேன் பஞ்சு. இதுக்கென்ன?"

"தேன் பஞ்சு இல்ல. தண்ணிப் பஞ்சு."

"எப்படி வைப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்றாள். செய்தேன். தேன் பஞ்சை வைத்தேன், கிண்ணத்தில் விரலை நனைத்தேன், சர்க்கரைப் பஞ்சை எடுத்தேன். இரண்டாம் தடவை விரல் கிண்ணத்துக்குள் போனதும், "போதும்ணே" என்றாள்.

கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"எத்தன நாளா இப்படி?"

"மொத நாள்லேருந்து."

"இடுக்கி குடுத்தேனே."

"வழுக்குச்சு."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "பாவம் பாத்துக் குடுத்தீங்களாண்ணே? வெறுந்தண்ணியா இருக்கேன்னு?"

"இல்ல தாயி. தெரியாமத்தான்."

"தெரிஞ்சு குடுத்திருந்தாக்கூடத் திட்டியிருப்பேன். இப்ப என்னத்தன்னு திட்ட? நான் ஒரு நாளாச்சும் கூட நின்னு பாத்திருக்கணும். எழுதி வச்சதத்தான் பாத்தேன், கையப் பாக்கல."

"போகச் சொன்னா இப்பவே போறேன்."

"போயிட்டா பஞ்ச யாரு மாத்துறது?" என்றாள். கோபத்தில் சொன்னாளா, கணக்குப் போட்டுச் சொன்னாளா தெரியாது.

பெரிய மேடம் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவளைத்தான் சொன்னார். கதவுக்கு வெளியே நின்று கேட்டது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு இருவரும் நாட்காட்டி முன் நின்று நாளை எண்ணினார்கள். வளர்ப்பு அறையில் கூட்டுப்புழுக்கள் இருந்தன. இரண்டு மூன்று நாளில் பூச்சியாக வெளிவரும். அன்றே டப்பாக்களில் விட்டால், எல்லாம் செத்து முடிய எவ்வளவு நாளாகுமோ அவ்வளவு நாள். இத்தனை நாள் வாழ்ந்தது என்று எழுத வேண்டுமென்றால் கடைசிப் பூச்சியும் சாக வேண்டும். சிவப்பு வட்டத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் முடியலாம். எந்தப் பூச்சியாவது வழக்கத்தைவிடக் கூடுதலாக உயிரோடிருந்தால் முடியாது.

மூன்றாவது சுற்றுக்கு மேசைகளைப் பிரித்தோம். தேனும் சர்க்கரையும் அறையின் ஒரு மூலையில், அவள் கையில். வெறும் தண்ணீரும் காய்ந்த பஞ்சும் எதிர் மூலையில், என் கையில். ஆளுக்கொரு இடுக்கி. நான் அவள் மேசைப் பக்கமே போகக் கூடாது. காலையில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவேன். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி கழுவ வேண்டும். வழுக்கினாலும் இடுக்கியாலேயே வைத்தேன். அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமானது.

இந்த முறை நான் சரியாக வேலை செய்தேன். அதனால் என் மேசையில் பூச்சிகள் செத்தன.

காய்ந்த பஞ்சு வரிசை முன்போலவே போனது. அடுத்து வெறும் தண்ணீர் வரிசை. முதலிரண்டு நாள் பஞ்சில் குழலை நீட்டி அவை பாட்டுக்குக் குடித்தன. குடித்தும் வற்றிக்கொண்டே வந்தன. டப்பாவைத் தூக்கும்போது முன்பெல்லாம் அடித்துக்கொண்டு பறக்கும். இப்போது அடியில் உட்கார்ந்து றெக்கையை மட்டும் நடுக்கின. முட்டைக் காகிதங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. இருந்த சிறு குவியல்களிலும் மேலே போர்த்தும் மயிர் சரியாகப் படவில்லை. ஏட்டில் சாவைக் குறிக்கும் கட்டங்கள் ஒரு வாரத்துக்குள் நிரம்பிவிட்டன. பசி எப்படி ஆளை இறக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். முதல் நாள் வயிற்றில் இருக்கும், மூன்றாம் நாள் காலில் இருக்கும். பூச்சிக்கும் அப்படித்தானா தெரியாது, பார்க்க அப்படித்தான் இருந்தது.

செத்த தாய்ப்பூச்சி ஒன்றை அவள் லென்ஸின் கீழ் வைத்து வயிற்றைக் கீறினாள்.

"இங்க பாருங்கண்ணே."

உள்ளே முட்டைகள் இருந்தன. கொஞ்சம் முழுதாக, மற்றவை தூள் தூளாக, உருவாகாமல்.

"வைக்கத் தெம்பில்லாமப் போயிருச்சு. பாதிய ஆக்கவும் தெம்பில்ல. புழுவா இருக்கயில தின்னதுல ஆனது இம்புட்டுத்தான். மிச்சத்துக்கு இப்பக் குடிச்சிருக்கணும்."

லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து வெளியே வராந்தாவில் போய் நின்றேன்.

செங்கல் சூளையில் இருந்த வருடம் என் மனைவி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. சூளை நின்றது, ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்று வாரம் கடுங்காப்பியும் பன்னும்தான். பன் ஒன்று கிடைக்கும் நாளில் அவள் பாதியை எனக்கு வைப்பாள், நானும் வாங்கித் தின்பேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "என்னத்தச் சாப்பிட்டா?" என்று கேட்டார். "காப்பி" என்றேன். அவர் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை தங்கவில்லை. அவள் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். நான் போர்வெல் லாரியில் ஏறினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. மறைத்ததும் இல்லை, யாரும் கேட்டதில்லை.

திரும்பி உள்ளே போனபோது அவள் அடுத்த பூச்சியை எடுத்து வைத்திருந்தாள். நான் பஞ்சு மாற்றினேன்.

என் மேசை முதலில் காலியானது. அவள் மேசையில் பூச்சிகள் றெக்கை அடித்தன, முட்டை வைத்தன. பதினைந்து நாளுக்கு அப்புறம் அவையும் ஒவ்வொன்றாக விழுந்தன. விழ விழ அவள் எழுதிக்கொண்டு போனாள். நாட்காட்டியில் வட்டத்துக்கு நாலு நாள் இருந்தபோது தேன் வரிசையில் ஒரே ஒரு தாய்ப்பூச்சி மிச்சம். மூன்று நாள் இருந்தபோதும் அது உயிரோடிருந்தது.

பெரிய மேடம் வந்து பார்த்தார். "இது ஒண்ணுதானே. இன்னைக்குச் செத்ததாப் போட்டுக்க. யாரு கேக்கப்போறா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"வேணாம் மேடம். பாத்துக்கிறேன்" என்றாள். "தண்ணிப் பஞ்சையும் யாரும் கேக்கலதான்."

மறுநாள் அவள் டவுனில் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் அலைய வேண்டியிருந்தது. கிளம்பும்போது தேன் பாட்டிலை என் முன் வைத்தாள்.

"இன்னைக்கு நீங்களே வைங்கண்ணே."

"நானா?"

"இனி நீங்க கெடுக்கத் தண்ணிப் பஞ்சு ஒண்ணும் இல்லையே" என்றாள். பல நாள் கழித்து அவள் சிரித்தது அப்போதுதான்.

கை கழுவினேன். கழுவத் தேவையில்லை, கழுவினேன். இடுக்கியால் பஞ்சை எடுத்துத் தேன் தண்ணீரில் முக்கி, அளவாகப் பிழிந்து உள்ளே தொங்கவிட்டேன். அந்தப் பூச்சியின் றெக்கை ஓரமெல்லாம் கிழிந்து நார் நாராக இருந்தது. பஞ்சுக்கு வர அதற்கு ரொம்ப நேரமானது. வந்து குழலை நீட்டியது. குடித்ததா, வைத்துக்கொண்டு சும்மா இருந்ததா சொல்ல முடியாது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அது சீக்கிரம் சாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. சாகக் கூடாது என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அடுத்த நாள் காலையில் போனபோது பஞ்சுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தது. குச்சியால் தொட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் விட்டு மறுபடி தொட்டுப் பார்த்தேன். அப்படித்தான் பார்க்கச் சொல்லியிருந்தாள். பிறகு அவளுக்குப் போன் போட்டேன்.

"போயிருச்சு தாயி."

அந்தப் பக்கம் அச்சு இயந்திரச் சத்தம். "நெசமாவா? தொட்டுப் பாத்தீங்களா?"

"ரெண்டு வாட்டி."

"காகிதத்துல முட்டை இருக்கா?"

"சின்னதா ஒண்ணு இருக்கு."

"நான் வர முடியாதுண்ணே, அச்சு ஓடிக்கிட்டிருக்கு, இந்தக் கணக்கு வர்ற பக்கம் மட்டும்தான் மிச்சம். நீங்களே எண்ணிச் சொல்லுங்க. நிதானமா எண்ணுங்க, அவசரமில்ல."

அவசரம்தான். அன்று சாயங்காலம் பைண்டிங், மறுநாள் கடைசித் தேதி. அந்த மறுநாள் மதியம் அவள் ஆய்வைக் கொடுத்துவிட்டாள், வாங்கிக்கொண்டார்கள். பேரையூர்க் கூட்டத்திலும் பேசினாள். வரப்பில் பூ நின்றால் இந்தப் பூச்சி கூட நாள் வாழ்ந்து கூட முட்டை வைக்கும் என்றாள். ஆனால் இந்தப் புழுவைக் கொல்லும் சின்னக் குளவிகளும் அதே பூவில்தான் குடிக்கின்றன, அதனால் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள் என்றும் சொன்னாள். "வெட்டவும் வேணாம் விடவும் வேணாம்னா என்னதாம்மா செய்ய?" என்று அவளுடைய அப்பாவே எழுந்து கேட்டாராம். முன்னால் தப்பாகச் சொன்னதையும் அங்கேயே சொல்லியிருக்கிறாள், என் பெயரை விட்டுவிட்டு.

அதெல்லாம் பிறகு. அன்று காலையில் நான் முட்டைக் காகிதத்தை எடுத்து லென்ஸின் கீழ் வைத்தேன். மேலே போர்த்தியிருந்த மயிரை ஊசி முனையால் விலக்கினேன். கொஞ்சம்தான் இருந்தது. அதன் உடம்பில் உதிர்க்க மிச்சமிருந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. எண்ணினேன். நடுவில் விட்டுப் போய்விட்டது, முதலிலிருந்து எண்ணினேன். முடித்து இன்னொரு தடவையும் எண்ணினேன், இரண்டு தடவையும் ஒரே எண் வந்தது. அதை ஏட்டில் என் கையெழுத்தில் எழுதினேன், கட்டத்துக்கு வெளியே போகாமல். பிறகு போனில் அவளுக்குச் சொன்னேன்.